ஏழும் எட்டும் பதினைந்து!

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் பி.காம். படித்தவனுக்கு ஒரு தொந்தரவு உண்டு. எல்லோரும் அவனை ஆடிட்டர் என்றே நினைத்துக்கொள்வார்கள். கரண்ட் பில்லில் எண்பது ரூபாய் கூடுதலாக வந்தால் என் வீட்டுக்கு வருவார்கள். சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போனாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். (நானா ஓடச் சொன்னேன்?) பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன் என்று சொன்னால், “அது சரி, வேலை என்ன பாக்கீரு?” என்கிறார்கள்.

அப்படித்தான் ஒரு தை மாதக் காலையில் பட்டாளத்துத் தாத்தாவும் வந்தார். தெருக்கோடி வீட்டுக்காரர். வயசு எண்பது. மீசை மட்டும் இன்னும் அட்டென்ஷனில் நிற்கும். மற்றதெல்லாம் ஸ்டாண்ட் அட் ஈஸ்! பின்னாலேயே அவர் பேரன், ஒரு பழைய தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு.

“ஏ தம்பி... நான் செத்துப் போயிட்டேனாம்லா” என்றார், திண்ணையில் உட்கார்ந்தபடி.

“யார் தாத்தா சொன்னது?”

“கம்ப்யூட்டரு.”

விஷயம் இதுதான். இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. நவம்பரில் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் போய்ச் சேரவில்லை. தாத்தா ஒரு சென்டருக்குப் போயிருக்கிறார். விரலை வை என்றார்களாம். வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. ஏழு வருஷம் துப்பாக்கி பிடித்து, அப்புறம் நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. ரேகை எங்கே மிச்சமிருக்கும்?

ராணுவப் பென்ஷன்களைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு ‘ஸ்பர்ஷ்’ என்று பெயர். ஸ்பர்ஷ் என்றால் தொடுதல். தாத்தா தொட்டுக்கொண்டுதான் இருந்தார். எதிர்த் தரப்பில்தான் உணர்ச்சி இல்லை!

பெட்டியைத் திறக்கும் முன் கேட்டு வைத்தேன்: “எத்தனை வருஷ சர்வீஸ் தாத்தா?”

“ஏழு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் சர்வீஸ் வேண்டும் என்பது எனக்கே தெரியும். “ஏழு வருஷத்துக்கா பென்ஷன் கொடுக்காங்க?”

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏழும் எட்டும் பதினஞ்சு. பி.காமுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாகளோ?”

பாதி பட்டாளம், பாதி ஊர்

எங்கள் ஊர்க் கோயிலில் சங்கரநாராயணரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதி சிவன், ஒரு பாதி விஷ்ணு. ‘ரிசர்விஸ்ட்’ என்கிற ஆசாமியும் அப்படித்தான். ஒரு பாதி பட்டாளத்தான், ஒரு பாதி சம்சாரி. வயலில் களை பறித்துக்கொண்டிருப்பான். தந்தி வந்தால் மறுநாள் ரயிலேறியாக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு இது. இந்திய ரிசர்வ் படைச் சட்டம் 1888-லேயே வந்துவிட்டது. கணக்கு சுலபம். லட்சம் பேரை வருஷம் பூராவும் வைத்துச் சோறு போடுவதைவிட, கொஞ்சம் பேரைப் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, யுத்தம் வந்தால் கூப்பிட்டுக்கொள்வது சிக்கனம். வீட்டில் பண்டிகைப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைக்கிற மாதிரி!

சுதந்திரத்துக்குப் பிறகும் இது தொடர்ந்தது. சிப்பாயாகச் சேரும்போதே இரண்டு எண்கள் சொல்வார்கள். முதல் எண் ‘கலர் சர்வீஸ்’. கலர் என்றால் இங்கே ரெஜிமெண்டின் கொடி. கொடியின் கீழே முழுநேரமும் நின்று செய்கிற வேலை. இரண்டாவது எண் ‘ரிசர்வ் சர்வீஸ்’. ஊரில் இருக்கலாம், பிழைப்பைப் பார்க்கலாம், ஆனால் பயிற்சிக்கும் யுத்தத்துக்கும் கூப்பிட்டால் ‘ஆஜர்’ சொல்லவேண்டும். பிரிவுக்குப் பிரிவு இந்த எண்கள் மாறும். காலாட்படையில் பலருக்கு அது ஏழு ப்ளஸ் எட்டு. கப்பல்படையில் பத்து ப்ளஸ் பத்து.

தாத்தா 1963-ல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். சீனா யுத்தம் முடிந்து, பட்டாளத்தை வேகமாகப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. 1970-ல் ஏழு வருஷம் முடிந்து ஊருக்கு வந்தார். 1971-ல் கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். பாகிஸ்தான் யுத்தம்.

“பாட்டி அழுதாங்களா?”

“அவ எங்க அழுதா? எங்க அம்மைதான் அழுதா. அவ, ‘பத்திரமா வாங்க’ன்னு புளியோதரை கட்டிக் கொடுத்தா.”

போனவர் திரும்பி வந்தார். 1978-ல் எட்டு வருஷ ரிசர்வும் முடிந்தது. ஏழும் எட்டும் பதினைந்து. பென்ஷன் ஆர்டர் வந்தது.

மூன்றில் இரண்டு

இனி, உங்கள் அனுமதியோடு கொஞ்சம் பி.காம்.

ராணுவத்துக்கென்று 1961-ல் வந்த பென்ஷன் விதிப் புத்தகத்தில் 155-வது விதிதான் ரிசர்விஸ்டுக்குக் கடவுள். அது சொல்வது: கலர் சர்வீஸும் ரிசர்வ் சர்வீஸும் சேர்த்து 15 வருஷத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வேறு சர்வீஸ் பென்ஷன் வாங்குகிறவராக இருக்கக்கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால், ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு ரிசர்விஸ்டுக்கு. அந்தப் பதினைந்தில் கொடியின் கீழ் நின்றது எத்தனை வருஷம் என்பது கேள்வியில்லை.

முழுச் சிப்பாய்க்கு முழு இட்லி. பாதிச் சிப்பாய்க்கு முக்கால் இட்லிக்குக் கொஞ்சம் குறைவு. நியாயம்தானே?

ஆனால் மூன்றில் இரண்டு போட்டால் சில காலங்களில் தொகை ரொம்பச் சிறுத்துவிடும். அதனால் ‘இதற்குக் கீழே போகக்கூடாது’ என்று ஒரு தரைமட்டமும் வைத்தார்கள். சம்பளக் கமிஷன்கள் மாறும்போதெல்லாம் மத்திய அரசின் குறைந்தபட்சப் பென்ஷன் உயர்ந்தது. 1986-ல் மாதம் 375 ரூபாய். 1996-ல் 1,275. 2006-ல் 3,500. 2016-ல் 9,000. முப்பது வருஷத்தில் 24 மடங்கு! இதற்கு மேல் அகவிலை நிவாரணம் தனி. அது 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியில், 9,000 ரூபாய்க்காரரின் கைக்கு 13,500 ரூபாய் வந்தது.

“ஆரம்பத்தில எவ்வளவு தாத்தா?”

“அத ஏன் கேக்க? வாங்கப் போற பஸ் சார்ஜ் போக வெத்தலைக்கு நிக்கும்.”

ஒரு இடத்தில் மட்டும் ரிசர்விஸ்டை மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, ஞாபகமாக விலக்கினார்கள். ‘ஒரே பதவி ஒரே பென்ஷன்’ என்று 2015 நவம்பரில் உத்தரவு வந்ததே, அதை நடைமுறைப்படுத்த வந்த கடிதத்தில் ‘ரிசர்விஸ்ட் பென்ஷன்காரர்களுக்கு இது பொருந்தாது’ என்று ஒரு வரி உண்டு. அவர் பதவி பாதி, அதனால் ‘ஒரே பதவி’யில் சேராது என்று நினைத்தார்களோ என்னவோ!

பெட்டியின் அடியில்

கல்யாண ஓலை மாதிரி மடித்து மடித்து நைந்துபோன டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் பேமெண்ட் ஆர்டர், இரண்டு மெடல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு போட்டோ. ஸ்டூடியோ திரைச்சீலை முன்னால் இரண்டு இளைஞர்கள். தொளதொள யூனிஃபார்ம், கண்ணில் பயம்.

“இது நான். இது எங்கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே ரயிலுல போனோம்.”

அந்தக் கூட்டாளியும் 1970-ல் ஊருக்கு வந்தவர்தான். 1971-ல் அவரையும் கூப்பிட்டார்கள், போனார். அப்புறம் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு அழைப்பு வரும்போதெல்லாம் மில்லில் லீவு கேட்டு மல்லுக்கட்டவேண்டியிருந்தது. ‘பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று 1974-ல் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. விதியை எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

ஏழும் நாலும் பதினொன்று. பதினைந்துக்கு நாலு குறைவு. பென்ஷன் கிடையாது.

மில் அப்புறம் மூடிவிட்டது. கூட்டாளி சில வருஷம் முன்பு போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி எழுபத்தாறு வயசில் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ கட்டுகிறார். இந்த விதியில் இருக்கிற குரூரம் இதுதான். பதினைந்து வருஷம் என்றால் உயிர் உள்ளவரை பென்ஷன். பதினொன்று என்றால், பதினைந்தில் பதினொரு பங்கு தருகிற தராசு அங்கே இல்லை. கதவு திறக்கும், அல்லது மூடும், ஒருக்களித்து நிற்காது.

கப்பல்படையில் இன்னொரு கூத்து. பத்து வருஷம் கடலில், அடுத்த பத்து வருஷம் ‘ஃப்ளீட் ரிசர்வ்’ என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். 1976 ஜூலை 3 முதல் ரிசர்வே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷம் முடித்தவர்கள் ரிசர்வுக்குப் போகத் தயார். ஆனால் போக ரிசர்வ் இல்லை! வருஷங்கள் ஓடி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 அக்டோபரில் தீர்ப்பு. ‘ரிசர்வில் இருக்காதவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் கிடையாது. ஆனால் தாங்களாக விலகாமல், அரசாங்கம் ரிசர்வை நிறுத்தியதால் வெளியே வந்தவர்கள் விதிகளுக்கு உட்பட்டு ஸ்பெஷல் பென்ஷன் கேட்கலாம்’ என்று ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது. நாற்பது வருஷம் கழித்து வந்த காற்று!

அமெரிக்காவில் மொய் நோட்டு

மற்ற நாடுகளில் எப்படி என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ரிசர்விஸ்ட் கணக்கு நம் ஊர் மொய் நோட்டு மாதிரி. ஒவ்வொன்றும் பாயிண்டாக வரவு வைக்கப்படும். முழுநேரப் பணியில் ஒரு நாள் என்றால் ஒரு பாயிண்ட். நாலு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பாயிண்ட். ரிசர்வில் பெயர் இருப்பதற்கே வருஷத்துக்கு 15 பாயிண்ட். (சும்மா இருப்பதற்கும் மொய்!) வருஷத்துக்கு 50 பாயிண்ட் சேர்ந்தால் அது ‘நல்ல வருஷம்’. இருபது நல்ல வருஷம் முடித்தால் பென்ஷன்.

மொத்தப் பாயிண்டை 360-ஆல் வகுத்தால் எத்தனை வருஷ சர்வீஸ் என்று கிடைக்கும். பழைய திட்டத்தில் அதை இரண்டரையால் பெருக்கினால், சம்பளத்தில் அத்தனை சதவீதம் பென்ஷன். வருஷம் 78 பாயிண்ட் வீதம் இருபது வருஷம் சேர்த்தவருக்கு 1,560 பாயிண்ட். அதாவது நாலே கால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். பென்ஷன் சம்பளத்தில் சுமார் 11 சதவீதம். அதுவும் பொதுவாக 60 வயசில்தான் கைக்கு வரும். தாத்தாவுக்கு இதைச் சொன்னேன்.

“அறுபது வரைக்கும் என்ன செய்வான்?”

“வேற வேலை பாப்பான் தாத்தா.”

“அப்ப நம்மூரே தேவலாம்” என்றார், தேசபக்தியோடு.

தொண்ணூறு வருஷம்!

இன்றைக்கு நம் நாட்டில் ‘பாதிப் பட்டாளம்’ என்றால் டெரிடோரியல் ஆர்மிதான். 1949-ல் தொடங்கியது. கோயம்புத்தூரில்கூட ஒரு பட்டாலியன் இருக்கிறது. தோனியும் மோகன்லாலும் கௌரவ லெப்டினண்ட் கர்னல்களாக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டது இதில்தான்.

இதிலும் பென்ஷன் உண்டு. சிப்பாய்களுக்கு 15 வருஷம், அதிகாரிகளுக்கு 20 வருஷம். சுலபமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கணக்கில் வருவது ‘எம்பாடீட்’ சர்வீஸ், அதாவது முறைப்படி அழைத்து முழுநேரப் பணியில் வைத்திருந்த காலம் மட்டும். விட்டு விட்டுச் செய்ததைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் அழைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வருஷம் சேர எத்தனை வருஷம் ஆகும்? தொண்ணூறு! பதினெட்டு வயசில் சேர்ந்தவர் 108 வயசில் பென்ஷன் வாங்கலாம். எல்லை, கலவரம், வெள்ளம் என்று வருஷக்கணக்கில் அழைத்து வைத்திருக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பதினைந்து நிறையும்.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த பேரன் அப்போதுதான் வாயைத் திறந்தான். வயசு பத்தொன்பது. விடியக்காலையில் ராஜபாளையம் ரோட்டில் ஓடுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். “அண்ணே, அக்னிவீருக்குப் போனா எனக்கும் தாத்தா மாதிரி வருமா?”

தாத்தா என் முகத்தைப் பார்த்தார். இதைக் கேட்கத்தான் பெட்டியைத் தூக்க அவனைக் கூட்டி வந்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு பேப்பரை எடுத்து எழுதினேன். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் வேலை. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முதல் வருஷம் மாதம் 30,000. அதில் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 கையில் தருவார்கள். வருஷா வருஷம் சம்பளம் ஏறி நாலாம் வருஷம் 40,000. நாலு வருஷத்தில் பிடிப்பது மொத்தம் சுமார் 5.02 லட்சம். அதே அளவு அரசாங்கம் போடும். வட்டியோடு சுமார் 11.71 லட்சம், ‘சேவா நிதி’ என்று வெளியே வரும்போது கிடைக்கும். வருமான வரி இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேற்கொண்டு குறைந்தது 15 வருஷம் இருக்கவேண்டும், பென்ஷன் அவர்களுக்குத்தான்.

“மிச்ச எழுபத்தஞ்சு பேரு?”

“அந்த 11.71 லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டு வைத்தால் மாசம் 6,830 ரூபாய் வரும். தாத்தா பென்ஷன் விலைவாசியோடு ஏறும். இது ஏறாது. ஆனால் முதல் உன்கிட்டேயே இருக்கும். உனக்கு வயசும் இருபத்தி மூணுதான் ஆகியிருக்கும். எட்டு வருஷம் தந்திக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.”

“பைக் வாங்கலாம்லா?”

“வாங்கினால் 6,830-ம் வராது.”

பையன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ‘போ’ என்றும் சொல்லவில்லை, ‘போகாதே’ என்றும் சொல்லவில்லை. கூட்டல் கழித்தலோடு என் படிப்பு முடிந்துவிட்டது.

ஒரு சிமிட்டல்

தாத்தாவுக்கு உயிர் கொடுக்கும் வேலைக்கு வருவோம். விரல் ரேகை அழிந்தவர்களுக்கென்று 2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தே உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. ஸ்மார்ட்போன், ஆதார் எண், பென்ஷன் ஆர்டர் விவரம் இருந்தால் போதும். பேரனின் போனிலேயே ஆப்பை இறக்கினோம். தாத்தாவை வெளிச்சத்தில் உட்கார வைத்தோம். விறைப்பாக உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்தார். அட்டென்ஷன்!

“தாத்தா, கண்ணச் சிமிட்டணும்.”

“எதுக்கு?”

“அப்பத்தான் உயிரோட இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியும்.”

சிமிட்டினார். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த என் அம்மா, “எண்பது வயசுல யாரப் பாத்துக் கண்ணடிக்காக?” என்றாள். போன் பச்சைக் கொடி காட்டியது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பழைய ரிசர்விஸ்ட் யாராவது இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆர்டரையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இரண்டு, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் ரிக்கார்டில் ஆதார் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். அவர் காலத்துக்குப் பிறகு அந்த அம்மாள் அலையக்கூடாது. மூன்று, சிக்கல் என்றால் புரோக்கரிடம் போகாதீர்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அதற்கும் மேலே வழக்கென்றால் சென்னையிலேயே ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து தாத்தா மறுபடி வந்தார். கையில் சங்கரன்கோவில் பிரியாணிப் பொட்டலம். பாக்கியோடு சேர்த்துப் பணம் வந்துவிட்டதாம்.

“ரெண்டு மாசம் வரலைன்னதும் ரொம்பப் பதறிட்டீங்களே தாத்தா. மகன்தான் திருப்பூர்லேருந்து அனுப்புறாரே?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எனக்கு என்னடே செலவு? மாசம் ஒண்ணாந்தேதி அந்தப் பூக்கட்டுதவளுக்கு ரெண்டாயிரம் குடுக்கணும். அவன் இருக்கும்போதே குடுத்திட்டு இருந்தேன். அவ ரெண்டு மாசமாக் கேக்கவே இல்ல. அதான்...”

அப்புறம்தான் அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். மாநில அரசின் முதியோர் உதவித்தொகை வருகிறது. அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. பென்ஷன் இல்லாத, 65 வயசு தாண்டிய முன்னாள் சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் மத்திய அரசின் சைனிக் போர்டு மூலம் வறுமை உதவித்தொகை ஒன்று உண்டு. மாதம் 4,000-ஆக இருந்ததை, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். தானாக எழுதிக் கொடுத்து விலகியவரின் மனைவிக்கு அது பொருந்துமா என்பதை அலுவலகத்தில்தான் சொல்லவேண்டும். விண்ணப்பம் எழுதினேன். பூக்காரம்மா பூ நார் பிசுபிசுக்கிற கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

“கிடைக்குமாய்யா?” என்றார்.

“கேட்டுப் பாப்போம் பாட்டி.”

பக்கத்தில் நின்ற தாத்தா போட்டோவை எடுத்து விண்ணப்பத்தோடு வைக்கச் சொன்னார். போட்டோவெல்லாம் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“வச்சிரு. ரெண்டு பேரும் ஒரே ரயிலுலதான் போனோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

வைத்திருக்கிறேன்.